கலங்கிய காற்றுக்குக் கொஞ்சம் கலைந்த ஒளி: கேள்வி பதில்

காற்றுக் கொந்தளிப்பைத் தாண்டித் தொலையுணர்வு செய்ய (தூரத்துப் பொருளை ஒளி அனுப்பி அளக்க), லேசரின் ஒழுங்கைக் கொஞ்சம் கலைத்து அனுப்பலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

லேசரின் பெருமையே அதன் ஒழுங்குதானே சார்? அதை ஏன் கெடுக்க வேண்டும்?

மத்தியான வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சில மில்லிமீட்டர் முதல் சில மீட்டர் வரை அளவுள்ள சுழல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளிவிலகல் எண் இம்மியளவு வேறு. முழு ஓரியல் ஒளி, அதாவது அலைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்திசைந்து போகும் ஒளி, இதற்குள் புகுந்தால், வளைந்த பகுதிகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, போய்ச் சேரும் இடத்தில் ஒளித்திட்டும் இருள்திட்டுமாக விழும். அந்தத் திட்டுகள் மில்லிவினாடிகளில் இடம் மாறும். உணரியில் எண் துள்ளும்போது, மாறியது இலக்கா காற்றா என்று தெரியாது.

ராத்திரி வானத்தைப் பாருங்கள். விண்மீன் சிமிட்டும், வியாழன் அநேகமாகச் சிமிட்டாது. வியாழன் நமக்கு ஒரு சிறு வட்டம். அதன் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் தனித்தனியாகச் சிமிட்டி, ஒன்றின் இருட்டை இன்னொன்று நிரப்பிவிடுகிறது. பகுதி ஓரியல் கற்றை (ஒழுங்கைக் கொஞ்சம் கலைத்த கற்றை) என்பது லேசரை வியாழன் மாதிரி நடக்க வைப்பதுதான்.

அப்படியானால் கற்றை விரிந்துவிடாதா?

விரியும். 1550 நானோமீட்டர் ஒளியில் ஓரியல் அகலம் (கற்றையின் குறுக்கே அலைகள் ஒத்திசைந்திருக்கும் தூரம்) 1 செ.மீ. என்றால், காற்றின் பாதிப்பை விட்டுவிட்டாலும், 5 கி.மீ.யில் அதனால் மட்டும் சுமார் 25 செ.மீ. ஆரம். 1 மி.மீ. ஆக்கினால் இரண்டரை மீட்டர்! பெரும்பாலான ஒளி இலக்குக்கு வெளியே வீணாகும். மூலத்தை அகலமாக்கி இதை ஓரளவு ஈடுகட்டலாம். லேசர் அளவுக்குத் திசை பிசகாத கற்றைக்கு முழு ஓரியல்பு கட்டாயமில்லை என்று ஒளியியல் ஆய்வாளர்கள் கோலெட்டும் வுல்ஃபும் 1978லேயே காட்டிவிட்டார்கள். கொந்தளிப்பு கடுமையாக இருந்தால் சுத்தமான லேசரும் எப்படியும் விரியும் என்பதால், அங்கே நம் நஷ்டம் குறைவு.

ஆய்வகத்தில் எப்படி உண்டாக்குவது அண்ணா?

சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடித் தட்டை லேசருக்கு முன்னால் சுழலவிடு தம்பி. அதன் மேல் விழும் ஒளிப்பொட்டைச் சிறிதாக்கினால் ஓரியல் அகலம் கூடும், பெரிதாக்கினால் குறையும். பின்னால் ஒரு லென்ஸ் போதும்.

ஆனால் எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். உணரி ஒரு தடவை அளந்து முடிப்பதற்குள் கண்ணாடி உண்டாக்கும் புள்ளிக்கோலம் (ஒளியும் இருளுமான புள்ளிகள்) பல தடவை மாறியிருக்க வேண்டும். நான் முதலில் ஒரு மந்தமான மோட்டாரை மாட்டினேன். சிமிட்டல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஒரு நாள் முழுக்கக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். சில நானோவினாடியே நீடிக்கும் துடிப்பு லைடாரில் (லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளக்கும் கருவி) சிக்கல் இன்னும் மோசம்: அந்த நேரத்துக்குள் எந்தத் தட்டும் நகராது, ஒவ்வொரு துடிப்பும் உறைந்த புள்ளிக்கோலமாகவே போகும். நிறையத் துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும், அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல லேசர்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

காற்றின் வேகம் அளக்கும் டாப்ளர் லைடாருக்கு ஆகுமா?

திரும்பி வரும் ஒளியை உள்ளூர் லேசரோடு கலந்து அளக்கும் வகை என்றால் ஆகாது. அந்தக் கலவைக்கே ஓரியல்பு வேண்டும்.

மூடுபனியில்?

உதவாது. அங்கே பிரச்சினை கொந்தளிப்பு அல்ல, நீர்த்துளிகளில் பட்டு ஒளி சிதறுவது.

சக்கரம், மோட்டார் எதுவும் இல்லாமல் சிமிட்டலைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, நானே முதலில் அதைத்தான் செய்வேன். 532 நானோமீட்டர் பச்சையிலிருந்து 1550க்கு மாறினால், மென்மையான கொந்தளிப்பில் ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கம் (மாறுபாட்டுக் கணக்கில், அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரியில்) சுமார் மூன்றரை மடங்கு குறையும். தூரத்தை இரட்டித்தால் கிட்டத்தட்ட அதே மடங்கு ஏறும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். வாங்கும் லென்ஸைப் பெரிதாக்குங்கள். நண்பகலில் அளக்காதீர்கள். சூரியன் உதித்துச் சற்று நேரத்துக்குப் பிறகும், மறைவதற்குச் சற்று முன்பும் தரையும் காற்றும் ஒரே சூட்டுக்கு வரும் சிறு பொழுது ஒன்று உண்டு. அப்போது காற்றின் நெளிவு குறைவு, அப்போது அளங்கள். கருவியை அதற்கு முன்பே பொருத்தித் தயாராக வைத்திருங்கள்.