வரியில்லாத குழலுக்கு எந்த ஸ்லக்?

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு, நவம்பரில் ஒன்டாரியோ போய் மாமாவின் பழைய 12 கேஜ் துவக்கோடு மான் வேட்டைக்கு இறங்கப் போகிறீர்கள், குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லை, விலை கூடிய சபோட் ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் வரும் ஒற்றைப் பெருங்குண்டு) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சபோட் சுழன்றால்தான் நேராகப் போகும். அந்தச் சுழற்சியை வரிப்பள்ளம்தான் கொடுக்கும். உங்கள் குழலில் அது குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போகும்.

உங்களுக்குப் பொருந்துவது ரைபிள்ட் ஸ்லக் எனப்படும் பாஸ்டர் வகை, இல்லையென்றால் பிரெனெக் வகை (வாலில் தக்கை பூட்டிய முழு ஈயக் குண்டு). பாஸ்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மூக்கில் கனத்த ஈயம், பின்பக்கம் குழி. பாட்மின்டன் இறகுப்பந்து போலத் தலை முன்னே போக, வால் பின்னால் வரும். பக்கத்தில் உள்ள வரிகள் சுழற்றுவதற்கு அல்ல. சோக்கில், அதாவது குழல் வாயின் குறுகலில், நெருக்கும்போது ஈயம் ஒதுங்க இடம் கொடுக்கத்தான்.

சோக் சிலிண்டர் (குறுகலே இல்லாதது) அல்லது இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (சற்றே குறுகியது). மிக இறுகிய ‘புல்’ சோக்கைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், ஒரே பெட்டியை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள். நான் அங்கே இருந்தபோது ஒரே எடையில் இரண்டு கம்பனிகளுடையதை 50 யார் தூரத்தில் சுட்டுப் பார்த்தேன். ஒன்று உள்ளங்கைக்குள் விழுந்தது, மற்றது சோற்றுக்கோப்பை அளவுக்குச் சிதறியது. துவக்குக்குத் துவக்கு இது மாறும். மூன்று வகை வாங்கி, மேசையில் தாங்கி வைத்து, வகைக்கு ஐந்து சுட்டுப் பாருங்கள். நுனியில் வெறும் மணிக்குறி என்றால் 50 யாரோடு நில்லுங்கள். நல்ல குறி பூட்டினாலும் 75 தாண்ட வேண்டாம். காயப்பட்டு ஓடும் மானைத் தேடி அலைவது பாவம், தம்பி.