பழைய பேஜ்மேக்கர் புத்தகத்தை இன்றைய இன்டிசைனுக்கு எப்படி மாற்றுவது?

2003-இல் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த தமிழ் நூலை, அதன் இடத்தில் வந்த இன்டிசைன் மென்பொருளின் புதிய பதிப்பு திறக்க மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை, கவலை வேண்டாம். பேஜ்மேக்கர் 6-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் செய்த கோப்புகளைத் திறக்கும் வசதி இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு வரைதான் இருந்தது. அதற்கு அடுத்து 2013-இல் வந்த சிசி பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே சிஎஸ்4 முதல் சிஎஸ்6 வரையிலான ஏதேனும் ஒரு பதிப்பு உள்ள கணினி ஒன்று வேண்டும். பழைய அச்சகங்களில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

முதலில் கோப்பைப் படியெடுத்துவிட்டு, படியில் மட்டும் கை வையுங்கள். நூலில் பயன்படுத்திய எழுத்துருக்களையும் படங்களையும் அந்தக் கணினியில் வைத்த பிறகே திறக்க வேண்டும். திறந்ததும் ஐடிஎம்எல் (இன்டிசைனின் வெவ்வேறு பதிப்புகளுக்கிடையே கோப்பைப் பரிமாறும் வடிவம்) ஆகச் சேமித்தால் புதிய பதிப்பு ஏற்றுக்கொள்ளும். வரி முறிவுகள் மாறியிருக்கும். பழைய அச்சுப்பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள்.

உண்மையான உழைப்பு இனிமேல்தான். அன்றைய நூல்கள் பெரும்பாலும் டாம், டாப், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறைகளில்) இருக்கும். அவற்றில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. எழுத்துருவை மட்டும் மாற்றினால் குப்பைதான் தெரியும். பழைய குறியாக்கத்தை யூனிகோடாக மாற்றும் குறியாக்க மாற்றி மென்பொருள் வழியாகவே உரையைச் செலுத்த வேண்டும். அப்போது தடித்த, சாய்ந்த எழுத்து வடிவங்கள் தொலைந்துபோகக்கூடும், முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, இன்டிசைனின் பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.