பி.ஏ.வில் உலக வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் தங்கை பி.ஏ. வரலாறு சேர ஆசைப்படுகிறாள் என்றும், நம் நாட்டு வரலாறாவது பரவாயில்லை, சுமேரியாவையும் பர்மாவையும் மனப்பாடம் செய்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் இதே பட்டம் படித்து, இப்போது பள்ளியில் வரலாறு நடத்துகிறேன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பி.எட். முடித்தால் ஆசிரியர் பணிக்குப் போகலாம். குரூப் தேர்வுகளுக்கு இந்தப் படிப்பு கைகொடுக்கும். குடிமைப்பணி முதன்மைத் தேர்விலும் 18ஆம் நூற்றாண்டு தொடங்கி உலக வரலாறு கேட்கிறார்கள். ஆனால் இதை மட்டும் எண்ணிச் சேர்ந்தால் மூன்று வருடமும் சுமையாகத்தான் இருக்கும்.

இந்தப் படிப்பு எனக்கு என்ன கொடுத்தது என்பதை என் ஆயாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அவர் பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூனில் பிறந்தவர். 1962இல் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாதவையாயின. தாத்தாவின் மளிகைக் கடை போனது. கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, பர்மாவிலிருந்து திரும்பிய மற்றக் குடும்பங்களைப் போல வியாசர்பாடியில் குடியேறினார்கள். ஆயாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு நூறு கியாட் நோட்டு இருந்தது. நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோய், பின்புறம் சோற்றுப் பசையால் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மிய நூடுல்ஸான அத்தோ சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்த நோட்டின் கதையைச் சொல்லுவார். “அடிச்சுத் தொரத்துனாங்கடா” என்றுதான் அது எப்போதும் முடியும். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன்.

மூன்றாம் ஆண்டில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறேன் என்றபோது, பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஆயாவிடம் பேட்டி எடுப்பதற்கு முன் பர்மிய விவசாயியின் கதையைப் படித்துவிட்டு வர வேண்டும். படித்தேன். 1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்ததும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், ஐராவதி கழிமுகம் உலகச் சந்தைக்கு அரிசி அனுப்பும் வயலாக மாறியதும் ஒன்றோடொன்று பிணைந்த செய்திகள் என்று அப்போதுதான் புரிந்தது. காட்டை வெட்டி வயலாக்கிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம் செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்து, கடனை அடைக்க முடியாமல் நிலங்கள் கைமாறியதில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் வசமுள்ள நிலம் 1938இல் 25 சதவீதத்தை எட்டியது. இதற்கிடையில், 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்ய, அவர்களுக்குப் பதிலாக அமர்த்தப்பட்ட பர்மியர்கள் வேலைநிறுத்தம் முடிந்ததும் வெளியே அனுப்பப்பட, அது கலவரமாகி, ஒரு காணி நிலமும் இல்லாத இந்தியக் கூலிகளே வெட்டுப்பட்டுச் செத்தார்கள்.

இதையெல்லாம் ஒரு மாலை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “வட்டிக்குக் குடுத்தாங்கன்னு தெரியும். அவங்க நெலம் போச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே” என்றார். தாத்தாவின் கடை பறிபோனது அநியாயம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு முன்னே வேறொருவருடைய வயல் போயிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க என்னைப் பழக்கியது இந்தப் படிப்புதான். இந்திய வரலாற்றை மட்டும் படித்திருந்தால் ஆயாவின் வாக்கியத்தோடு நின்றிருப்பேன்.

அதற்காக நம் தெருவோடு தொடர்புள்ளதை மட்டும் படித்தால் போதும் என்று தங்கை எண்ணிவிடக் கூடாது. நமக்குச் சம்பந்தமே இல்லாதவர்களைப் படிப்பதில் வேறொரு பயன் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1750இல், பழைய மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இருந்த ‘ஊர்’ என்னும் நகரத்து வணிகன் ஏயா நாசிருக்கு நன்னி என்பவன் களிமண் பலகையில் எழுதி அனுப்பிய புகார்க் கடிதம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரமில்லாத செம்பைக் காட்டியதும், பணம் கேட்டுப் பகைவர் நாட்டைக் கடந்து வந்த ஆளை வெறுங்கையோடு திருப்பியதும் அதில் உள்ளன. பாரிமுனையில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதிய என் அப்பா, அதை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அரசர் பட்டியலை மனப்பாடம் செய்து மெசபடோமியாவை வெறுத்துக்கொண்டிருந்த நான், அன்றுதான் அந்தப் பாடப் புத்தகத்தை விருப்பத்தோடு திறந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ‘காரணங்களை விவரி’ என்று கேட்கும் தேர்வுக்கு ஐந்து காரணங்களை உருப்போட்டு எழுதினாலே மதிப்பெண் வந்துவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நோட்ஸைத் தவிர எதையும் தொடாமல் தேர்ச்சி பெற்றார்கள். தங்கை அந்த வழியில் போகாமல் இருக்க, ஒரு நல்ல அட்லஸ் வாங்கிக் கொடுங்கள். எந்த நாட்டைப் படித்தாலும் வரைபடத்தில் விரல் வைத்துப் படிக்கட்டும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். தமிழ் வழியில் படித்தாலும் ஆங்கில நூலைத் தவிர்க்க முடியாது; நாளுக்கு இரண்டு பக்கம் அகராதியோடு படித்தேன், இரண்டாம் ஆண்டின் நடுவில் அகராதி தேவைப்படுவது குறைந்தது.

வீட்டில் இன்னும் தயங்கினால், நன்னியின் கடிதத்தைத் தேடி எடுத்து, அவளையே அவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.