ஏரித் தண்ணீரில் துள்ளுவது யார்? – வாசகர் கேள்வி-பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை)

கேள்வி: எங்கள் ஏரித் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்துகின்றன. கொசுப் புழுவா? அந்தக் காலத்தில் இந்தத் தண்ணீரைத்தானே குடித்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?
– ஒரு வாசகர், மதுராந்தகம்

பதில்: கொசுப் புழு இல்லை. அது நெளியும், மூச்சு வாங்க அடிக்கடி மேலே வரும். நீங்கள் பார்த்தவை விலங்கு மிதவை உயிரிகள், அதாவது தண்ணீரில் மிதந்து வாழும் பொடி விலங்குகள். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒரு துள்ளு, கொஞ்சம் இறக்கம், மறுபடி ஒரு துள்ளு என்று போனால் டாஃப்னியா, அல்லது அதன் சின்ன உறவான மொய்னா. சுண்டிவிட்டாற்போலப் பாய்ந்து சட்டென்று நின்றால் சைக்ளாப்ஸ். பெண்ணாக இருந்தால் வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். கை லென்ஸ் கிடைத்தால் டாஃப்னியாவை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். குடல் பச்சைக் கோடாகத் தெரியும். முதுகோரம் இதயம் படபடக்கும். அதற்குப் பின்னால் உள்ள அறையில், கருங்கண் முளைத்த குஞ்சுகள் பிறப்பதற்கு முன்பே புரண்டுகொண்டிருக்கும்.

ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? நரம்புச் சிலந்தி என்ற புழு நோயைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் புழுவின் இளம் பருவம் சைக்ளாப்ஸின் உடம்புக்குள் இருக்கும். தண்ணீரோடு அதை விழுங்கினால், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து மீட்டர் நீளப் புழு காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அந்த ஆள் காலைக் குளத்தில் நனைத்தால், புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும், சைக்ளாப்ஸ் அவற்றைத் தின்னும், வட்டம் முடிந்தது. இந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டியும், படிக்கிணறுகளுக்குப் பதில் கைப்பம்பு போட்டும், தண்ணீரில் சைக்ளாப்ஸைக் கொல்லும் டெமிஃபாஸ் மருந்தைத் தெளித்துமே ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயிலிருந்து நாடு விடுபட்டதாக அறிவித்தது. இன்று உங்கள் ஏரி சைக்ளாப்ஸிடம் அந்தப் புழு இல்லை. ஆனாலும் காய்ச்சிக் குடியுங்கள், ஏரியில் வேறு கிருமிகளுக்குப் பஞ்சமே இல்லை.

கேள்வி: மீன் குஞ்சுகளுக்கு டாஃப்னியா வாங்குகிறேன். ஒரு வாரம் செக்கச்செவேலென்று இருக்கிறது, மறு வாரம் வெளுத்துக் கிடக்கிறது. கடைக்காரர் சாயம் கலக்கிறாரா?
– ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: பாவம், அவர் மேல் பழி போடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் வளரும் டாஃப்னியா ஹீமோகுளோபினை அதிகமாக உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சிவப்பு அதுதான். நல்ல தண்ணீரில் வளர்ந்தது வெளுத்திருக்கும். சிவப்பாக இருந்தால் சாக்கடை கலந்த குட்டையில் பிடித்ததாகவும் இருக்கலாம், நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஊர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் ஏரியில் சாக்கடை கலப்பதை நிறுத்தினோம். இரண்டு மழைக்காலம் போயும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது. டாஃப்னியா பாசியைத் தின்னும் என்று படித்தேன். வாங்கி விட்டால் தெளியுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: காசைத் தண்ணீரில் போடாதீர்கள். டாஃப்னியா இல்லாததால் உங்கள் ஏரி பச்சையாகவில்லை. அதை அங்கே வாழவிடாமல் எதுவோ தடுக்கிறது, அதைத்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் அதில் விழுந்து, 1955-ல் ஆசிலடோரியா என்ற இழைப்பாசி கண்ணில் பட்டது. நாற்றம் பொறுக்காமல் பத்திரிகைக்காரர்கள் ‘ஸ்டிங்கோ ஏரி’ என்றே பெயர் வைத்தார்கள். எட்மண்ட்சன் என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் எச்சரித்தார். 1958-ல் மக்கள் வாக்களித்து வரிச் சுமையை ஏற்றார்கள். 1963-லிருந்து 1968-க்குள் கழிவுநீர் முழுவதையும் வேறு பக்கம் திருப்பினார்கள். ஏரி தேறியது. ஆனால் 1976-ல் எதிர்பார்த்ததைவிடவும் பளிச்சென்று தெளிந்தது. அதுவரை அங்கே அரிதாக இருந்த டாஃப்னியா அந்த வருடம் பெருகியிருந்தது. யாரும் கொண்டுவந்து விடவில்லை.

என்ன நடந்தது என்றால், ஆசிலடோரியாவின் நீள இழைகள் டாஃப்னியாவின் வடிகட்டும் கால்களில் சிக்கி அதைப் பட்டினி போட்டிருந்தன. அந்த இழைகள் குறைந்துபோனது ஒரு காரணம். இன்னொன்று, நியோமைசிஸ் என்ற இறால் போன்ற சிறு பிராணி டாஃப்னியாவைத் தின்றுவந்தது. ஸ்மெல்ட் மீன் பெருகி நியோமைசிஸைத் தின்று தீர்த்தது. ஆக, அங்கே ஒரு மீன் கூடியதால் தண்ணீர் தெளிந்தது.

அதனால் மீன் கூடினால் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே அமெரிக்காவின் கனெக்டிகட்டில் கிறிஸ்டல் ஏரி என்று ஒன்று. மத்தியைப் போன்ற ஒரு மீன் அங்கே குடியேறுவதற்கு முன்பு, 1942-ல் மிதவை உயிரிகளை அளந்திருந்தார்கள். குடியேறிய பிறகு 1964-ல் மறுபடி அளந்தார்கள். முன்பு மிகுதியாக இருந்தவற்றின் நீளம் 0.8 மி.மீ. அளவு, பின்பு 0.3 மி.மீ. அளவு. கண்ணுக்குப் பட்ட பெரியவற்றையெல்லாம் மீன் பொறுக்கித் தின்றுவிட்டது, பொடிசுகள் தப்பின. புரூக்ஸ், டாட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-ல் வெளியிட்ட இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பெரிய உடம்பு அதிகத் தண்ணீரை வடிகட்டும், பெரிய பாசியையும் விழுங்கும். பொடிசுகளை நம்பி ஏரி தெளியாது.

உங்கள் ஏரிக்கு வருவோம். நம்மூர் வெப்பத்தில் பெரிய டாஃப்னியா இயல்பாகவே குறைவு. இருப்பதையும் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இருக்கிறதா? கொசு ஒழிக்க என்று கம்பூசியா மீன் விட்டார்களா? கம்பூசியா விட்ட தொட்டிகளில் மிதவை உயிரிகள் அழிந்து பாசி பெருகியதை 1972-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். மீன் குத்தகை எடுத்தவரையும் கேளுங்கள். அவர் தோப்பா (கட்லா மீன்) விட்டிருந்தால் அதன் முக்கிய உணவே இந்த மிதவை உயிரிகள்தான். முழங்கை வரை கையை விட்டு, உள்ளங்கை தெரிந்தால் பாசி போதவில்லை, அது வளரச் சாணி போட வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர் கணக்கு. உங்களுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், அவருக்குப் பச்சைத் தண்ணீர் முதலீடு. இந்த வழக்கை ஊர்க்கூட்டத்தில்தான் தீர்க்க முடியும்.

சாக்கடை நின்றாலும், வண்டலில் சேர்ந்த, பாசிக்கு உரமான பாஸ்பரஸ் இன்னும் பல வருடம் கசியும். தண்ணீரின் மேல் பச்சை பெயின்ட் கொட்டியது போலப் படலம் கட்டினால் அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சில வேளை நஞ்சும் உண்டு, திரளும் பெரிது, டாஃப்னியாவால் சமாளிக்க முடியாது. மாடுகளை அங்கே விடாதீர்கள். ஆகாயத்தாமரையை எடுங்கள். ஆனால் ‘சுத்தம் செய்கிறோம்’ என்று தண்ணீருக்கடியில் இருக்கும் வேலம்பாசியை வழித்து எடுத்துவிடாதீர்கள்; ஆழமில்லாத ஏரியில் பகல் நேரத்தில் மீனிடமிருந்து டாஃப்னியா ஒளிய அதைவிட்டால் இடமில்லை. இருட்டிய பிறகுதான் திறந்த தண்ணீருக்கு வரும். ஆகவே பகலில் பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று எனக்கு எழுதாதீர்கள், ராத்திரி எட்டு மணிக்குப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: கோடையில் எங்கள் குளம் பாளம் பாளமாக வெடித்து, மாடு மேய்ந்தது. ஐப்பசி மழையில் நிரம்பிய சில நாட்களிலேயே மறுபடி இந்தப் பூச்சிகள். எங்கிருந்து வந்தன?
– ஒரு மாணவி, சிவகங்கை

பதில்: அந்த வெடிப்புக்குள்தான் இருந்தன. தண்ணீரும் தீனியும் உள்ளவரை டாஃப்னியாவில் பெண்கள் ஆண் துணை இல்லாமலே பெண்களைப் பெற்றுத் தள்ளும். நெருக்கடி வந்தால்தான் ஆண்கள் பிறக்கும். கூடிய பின் கெட்டியான கறுப்பு உறைக்குள், பெரும்பாலும் இரண்டு முட்டைகள் வைத்து உதிர்க்கும். காய்ந்தாலும் சாகாது. கொக்கு, நாரையின் காலில் ஒட்டி அடுத்த குளத்துக்கும் போகும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஏரியின் அடிச்சேற்றில் புதைந்து, சுமார் 700 வருடம் கிடந்த முட்டைகளைக்கூடப் பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கோடையில் குளத்தின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி மேல்மண் எடுத்து, வாய் அகன்ற பாட்டிலில் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள். தினமும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.