வீட்டு யூஸுக்கு பெயின்ட் ஸ்ப்ரேயர் வாங்கலாமா? பாதுகாப்பா அடிக்கிறது எப்படி, மெயின்டெய்ன் பண்றது எப்படி?

பொங்கலுக்கு முன்னாடி இந்தக் கேள்வியக் கேக்குறீங்கன்னா என்ன நடந்திருக்கும்னு நானே சொல்லிடறேன். பெயின்டர் ஒரு ரேட் சொல்லிருப்பாரு, வீட்டுல ரெண்டு நாளா அதே பேச்சு, ராத்திரி படுத்துக்கிட்டு போன நோண்டுனா ஒரு வீடியோ, அதுல ஒருத்தர் மாஸ்க் கூட இல்லாம ஒரு பழைய கதவ அஞ்சு நிமிஷத்துல கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டிருப்பாரு, கீழயே லிங்க். நானும் அப்படித்தான் வாங்குனேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபா, 800 மில்லி டப்பா, பின்னாடி ஊதுற மோட்டார், முன்னாடி துப்பாக்கி. வாங்குனது தப்பில்ல, இன்னிக்கும் வச்சிருக்கேன், நல்லாத்தான் ஓடுது. ஆனா முத நாளே நான் வீட்டக் கொளுத்திருப்பேன். அதனாலதான் இவ்வளவு பெருசா எழுதுறேன், பொறுமை இல்லாதவங்க அடுத்த பதிலுக்குப் போயிரலாம்.

நமக்கு பாளையங்கோட்டை. அம்மாவோட கல்யாணச் சீர் பீரோ ஒண்ணு, இரும்பு, பச்சைக் கலர், அங்கங்க துரு. அதத்தான் முதல்ல அடிப்போம்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் பிரஷ்ல அடிச்சு ரெடி பண்ணிட்டேன். எனாமல் வாங்கப் போன கடையில "ஸ்ப்ரேக்கா சார்? டர்பன்டைன் ஊத்துனா காய ஒரு நாளாவும், தின்னர் ஊத்துங்க, மடமடன்னு காஞ்சிரும்"னாரு. எனக்கு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அப்ப தெரியாது, ரெண்டும் நாத்தம் அடிக்கும், ரெண்டும் பெயின்ட்டத் தண்ணியாக்கும், அவ்வளவுதான் தெரியும். பெட்ரூம்ல வச்சு அடிச்சேன். தூசி ஒட்டிரக்கூடாதுன்னு ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டேன், ஃபேனும் ஆஃப். மூஞ்சில கொரோனாவுக்கு வாங்குன என்95. பெரிய பாதுகாப்பு ஏற்பாடு பண்ணுன மாதிரி ஒரு நெனப்பு வேற.

முத கோட் பிரமாதமா விழுந்துச்சு. ரெண்டாவது கோட் பாதியில தல லேசாச்சு. மயக்கம்னு சொல்ல மாட்டேன், ஒரு மாதிரி ஜாலியா இருந்துச்சு, எதுக்குன்னே தெரியாம சிரிப்பு வருது, கை மட்டும் சொன்ன பேச்சு கேக்கல. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா ஹால்ல குத்துவிளக்குக்குத் திரி போட்டுட்டு தீப்பெட்டிய எடுத்துருக்காங்க. நாத்தம் தாங்காம விளக்க அப்படியே வச்சுட்டு முதல்ல என்னப் பாக்க வந்தாங்க. கதவத் தெறந்து "ஏல, என்னல பண்ணுத, கண்ணு செவந்து கெடக்கு"ன்னு கையப் பிடிச்சு முற்றத்துக்கு இழுத்துட்டுப் போய் உக்கார வச்சாங்க. அன்னிக்கு வெளக்கே ஏத்தல. ராத்திரி பூரா தலவலி, மறுநாள் காலைல காப்பி கூட தின்னர் மாதிரிதான் இருந்துச்சு.

அப்புறம்தான் மிஷினோட வந்த பேப்பர எடுத்துப் படிச்சேன், எறும்பு மாதிரி எழுத்து. 21 டிகிரிக்குக் கீழ தீப்பிடிக்கிற ஆவி விடுற எதையும் இந்த மிஷின்ல அடிக்காதேன்னு போட்டிருக்கு. தின்னர் அந்த வகைதான், நம்ம ஊர் வெயிலுக்குக் கேக்கவே வேணாம். டர்பன்டைன்னு கடையில குடுக்கறது, அதாவது பெட்ரோலியத்துல இருந்து எடுக்கறது, கொஞ்சம் பரவால்ல, அதுக்கு 35, 40 டிகிரி கிட்ட வேணும். பரவால்லன்னா ஆபத்து இல்லன்னு அர்த்தம் இல்ல, சித்திரை மாசம் மத்தியானம் நம்ம ரூம்லயே 38 இருக்கும்ல. இன்னொண்ணு, இந்த ஆவி காத்த விடக் கனம், மேல போகாது, தரையோட தரையா படர்ந்து கதவு இடுக்கு வழியா அடுத்த ரூமுக்குப் போகும். எங்க வீட்டுக் குத்துவிளக்கு தரையிலதான் இருக்கு. அம்மா குச்சியக் கிழிச்சிட்டு அப்புறம் வந்திருந்தா? அத விடுங்க, தோள்ல தொங்குச்சே அந்த மோட்டாரு, அதுக்குள்ள கார்பன் பிரஷ் சுத்தும்போதே பொறி பறக்கும். நான் விளக்கக் கொளுத்த வேணாம்னு அம்மாவச் சொல்றேன், பத்த வைக்கிற சாமான் என் தோள்லயேதான் இருந்திருக்கு.

"நாங்க இருபது வருஷமா தின்னர்ல அடிக்கிறோம், ஒண்ணும் ஆவல"ன்னு கார்பென்டர் அண்ணன்மார் யாராவது சண்டைக்கு வருவீங்க, தெரியும். நீங்க அடிக்கறது கம்ப்ரசர்ல, கம்ப்ரசர் வெளிய நிக்கும், வெறும் காத்துக் குழாய்தான் உள்ள வரும். இது அது இல்ல. அதோட உங்களுக்கும் ஒண்ணும் ஆவலன்னு சொல்ல முடியாது, அம்பது வயசுல பாதிப் பேருக்கு இருமல் இருக்கறத நான் கண்ணால பாக்குறேன், சண்டைக்காகச் சொல்லல.

இப்ப நான் என்ன பண்றேன்னா, முடிஞ்சவரைக்கும் தண்ணில கரையிற எனாமல், இல்லன்னா எமல்ஷன், அதாவது செவுத்துக்கு அடிக்கற தண்ணி பெயின்ட், இந்த ரெண்டுதான் மிஷின்ல. டர்பன்டைன் கலக்குற சாமான்னா வெளிய, மொட்டை மாடில, காத்து முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி நின்னு. உள்ளதான் அடிச்சாகணும்னா ரெண்டு பக்கமும் ஜன்னல் தெறந்து, அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் இல்லாம, பிரிட்ஜ் இருக்கற ரூம்ல இல்லாம. ஆவி நெறஞ்ச ரூம்ல சுவிட்சப் போட்டாலும் அணைச்சாலும், பிரிட்ஜ் தானா ஓடி நின்னாலும் உள்ள ஒரு பொறி வரும், அதனால லைட்டு எல்லாம் மொதல்லயே போட்டுடணும். தூசி ஒட்டுனா ஒட்டட்டும், காஞ்சப்புறம் 400 நம்பர் தாள்ல தேய்ச்சுக்கலாம்.

மாஸ்க் பத்தி நெறைய பேர் நெனைக்கறது தப்பு. என்95 பெயின்ட் துளியப் பிடிக்கும், ஆவியப் பிடிக்கவே பிடிக்காது. கன்னத்துக்கு ரெண்டு பக்கமும் டப்பா வச்ச ரப்பர் மாஸ்க் இருக்குல்ல, உள்ள கரி இருக்கும், ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ்னு கேளுங்க, முன்னால துளியப் பிடிக்கிற பஞ்சும் இருக்கணும். தாடி வச்சிருந்தா ஓரத்துல கசியும், நான் சேவ் பண்ணிட்டுத்தான் போடுறேன், வீட்டுல சிரிப்பாங்க. வேலை முடிஞ்சதும் ஜிப் கவர்ல போட்டு மூடி வச்சிரணும், வெளிய கெடந்தா கரி சும்மாவே காத்துல இருக்கறத எல்லாம் இழுத்து வீணாப் போயிரும். மாஸ்க் போட்டும் நாத்தம் வருதுன்னா ஓரத்துல கசியுது, இல்லன்னா கார்ட்ரிட்ஜ் காலி. ஆனா ஒண்ணு, ஹார்ட்னர் கலக்குற ரெண்டு டப்பா பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் இருக்கு பாருங்க, டைனிங் டேபிளுக்கு அடிக்கறது, அத வீட்டுல நீங்களா ஸ்ப்ரே பண்ணவே பண்ணாதீங்க. அதுல ஐசோசயனேட் இருக்கு, நாத்தம் வச்சு அளவு கண்டுபிடிக்க முடியாது, ஒரு தடவ ஒத்துக்காமப் போச்சுன்னா ஆஸ்துமா, அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் மூச்சு இழுக்கும்.

பழைய வீடுன்னா இன்னொரு விஷயம். நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ரூல் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி அடிச்ச மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்ல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும். நான் அம்மா பீரோவக் காஞ்ச தாள் போட்டுத் தேய்ச்சு, அந்தப் பச்சைத் தூசிய விளக்குமாத்தால கூட்டுனேன், பக்கத்துல எம்பொண்ணு உக்காந்து பாத்துட்டு இருந்தா. இப்ப நெனச்சா வயித்தக் கலக்குது. ஈரம் பண்ணித் தேய்ங்க, பிள்ளைங்கள அனுப்பிருங்க, ஈரத்துணியால தொடைங்க.

அடிக்கிற விதம் ரொம்ப பெரிய வித்தை இல்ல. மிஷினோட ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் குடுப்பான், அடியில ஓட்டை இருக்கும், பாதிப் பேரு அது எதுக்குன்னு தெரியாமத் தூக்கிப் போட்டுருவாங்க. பெயின்ட்ட அதுல நெறச்சுத் தூக்குனா நூல் மாதிரி ஒழுகும், நூல் அறுந்து சொட்டாகுற வரைக்கும் எத்தனை செகண்ட்னு எண்ணணும். என் மிஷின்ல எனாமலுக்கு 25, 30 செகண்ட் சரியா வருது, உங்களுக்கு பேப்பர்ல போட்டிருக்கும். கெட்டியா இருந்தா புள்ளி புள்ளியாத் துப்பும், தண்ணியா இருந்தா வடிஞ்சிரும். கலக்குனத பழைய நைலான் சேலைத் துண்டுல வடிகட்டாம ஊத்தாதீங்க. ஒரு முக்கால் அடி தூரம், மணிக்கட்ட வளைக்காம கைய மொத்தமா நகத்தணும், நகர ஆரம்பிச்சப்புறம் ட்ரிகர அழுத்தணும், நிக்கறதுக்கு முன்னாடி விட்டுரணும், முன்ன அடிச்ச பட்டையில பாதி மேல ஏறணும். முதல்ல அட்டைப்பெட்டில அடிச்சுப் பழகுங்க. கிரில்லுக்கு இத வாங்காதீங்க, பாதி பெயின்ட் கம்பி இடுக்குல காத்தோட போயிரும். ஆனி ஆடி மாசம் எங்க ஊர்க் காத்துல மாடில அடிச்சு பக்கத்து வீட்டு வெள்ளக் காருல பூரா பிரவுன் புள்ளி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அவர் நின்னு பாக்க நான் தொடச்சேன், இப்பவும் அந்தண்ணாச்சி எங்கிட்ட சரியாப் பேசுறதில்ல.

பெரிய மிஷின், ஏர்லெஸ்னு, காத்து இல்லாம பெயின்ட்டையே பம்ப் பண்ணி அடிக்கறது, வாடகைக்குக் கெடைக்கும், வீடு முழுக்க அடிக்க அதுதான் ஸ்பீடுன்னு யாராவது சொல்வாங்க. அதுல பிரஷர் 2000, 3000 பிஎஸ்ஐ. முனைய விரலால பொத்துனீங்கன்னா பெயின்ட் தோலுக்குள்ளயே ஏறிரும். வெளிய பாத்தா குண்டூசி குத்துன மாதிரிதான் தெரியும், வலி கூட முதல்ல கம்மியா இருக்கும், மஞ்சள் வச்சுட்டு உக்காந்தா விரலே போயிரும். நேரா பெரியாஸ்பத்திரி, பெயின்ட் உள்ள போயிருக்குன்னு சொல்லணும், ஆபரேஷன் வேணும். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி மிஷின ஆஃப் பண்ணி பிரஷர எறக்கணும், ட்ரிகர் லாக்கப் போட்டு வைக்கணும்.

மெயின்டனன்ஸுக்கு வர்றேன், இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். எங்க தங்கச்சி மாப்ள ஒரு தடவ கேட்டு வாங்கிட்டுப் போனாரு, மூணு நாள்னு சொல்லி மூணு வாரம் கழிச்சு, கவர்ல எல்லாம் போட்டு நீட்டா குடுத்தாரு. தெறந்து பாத்தா டப்பாவுல அடி எமல்ஷன் கல்லாக் கெடக்கு, துப்பாக்கிக்குள்ள இருக்கற ஊசி, பெயின்ட் வெளிய வர்ற முனையோட ஒட்டிப் போச்சு. "அலசித்தான் மாப்ள வச்சேன்"ங்கறாரு. டப்பாவ அலசிருக்காரு, துப்பாக்கிய அலசல. அதோட விடாம மனுசன் ஊக்கு விட்டு ஓட்டையக் கொடஞ்சிருக்காரு, பித்தளை முனை, ஓட்டை கோணலாகி அதுக்கப்புறம் ஒரு பக்கமாத்தான் துப்புச்சு. புது முனை வாங்க கம்பெனிக்கு போன் போட்டா அது தேய்மானப் பொருள், வாரண்டில வராது, தனியாவும் வராதுங்கறான். கடைசில திருநெல்வேலி டவுன்ல ஒரு கடையில வேற மிஷினோட முனை பொருந்துச்சு.

அதனால வேலை முடிஞ்ச கையோட, காப்பி குடிக்கக் கூடப் போகாம, இதப் பண்ணிருங்க. பிளக்கப் பிடுங்கி, மிச்ச பெயின்ட்ட டின்ல ஊத்திட்டு, எமல்ஷன்னா தண்ணி, எனாமல்னா டர்பன்டைன் கொஞ்சம் டப்பாவுல ஊத்தி, குலுக்கி, திரும்ப மாட்டி, பிளக்கச் சொருகி, தெளிவா வர்ற வரைக்கும் அடிக்கணும், எமல்ஷன்னா சாக்குல, டர்பன்டைன்னா கண்டிப்பா வெளியில, ஒரு வாளிக்குள்ள. அப்புறம் திரும்பவும் பிளக்கப் பிடுங்கிட்டு முனை, காத்து மூடி, ஊசி மூணையும் கழட்டி பழைய டூத் பிரஷ்ல தேய்க்கணும், கம்பி, ஊக்கு எதுவும் கூடாது, வேணும்னா தொடப்பக் குச்சி. டப்பாவுக்குக் காத்து அனுப்பற ஒரு குட்டி ரப்பர் குழாய், அதுல ஒரு வால்வ் இருக்கும், துப்பாக்கியச் சாய்ச்சுப் பிடிச்சா பெயின்ட் அதுல ஏறி அடைச்சுக்கும். மிஷின் ஊதுது ஆனா பெயின்ட் வரலன்னா முதல்ல அங்க பாருங்க. மோட்டார் பின்னாடி இருக்கற பஞ்சு ஃபில்டரக் கழுவிக் காயவச்சு மாட்டணும், அது அடைச்சா மோட்டார் சூடாகிக் கருகும். ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் வாசலின். மோட்டாரத் தண்ணில முக்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

துடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க. லின்சீட் ஆயில், எனாமல் மாதிரி எண்ணெய்ச் சாமான் துடைச்ச துணி சுருண்டு கெடந்தா காயக் காயத் தானாவே சூடாகிப் பத்திக்கும், தீப்பெட்டியே வேணாம். விரிச்சு வெயில்ல காயப் போடுங்க.

கேள்வில இல்லாத ஒண்ணு, மனசுல இருக்கறதக் கொட்டிடறேன். நானா டின்ன ஒடச்சப்பதான் உள்ள டோக்கன் இருக்கறதப் பாத்தேன், பெயின்டருக்குப் பணம். இத்தன வருஷமா "இந்தக் கம்பெனிதான் சார் நிக்கும்"னு சொன்னதுக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுச்சு. இப்ப ஸ்கேன் பண்றதுன்னு மாத்திட்டாங்க போல. பெயின்டர் மேல கோவம் இல்ல, கூலி ஒழுங்காக் குடுத்தா அவரு ஏன் டோக்கன் பொறுக்கப் போறாரு, ஆனா அந்தக் காசு நம்ம டின் விலைலதானய்யா ஏறுது. செவுத்துக்கு இன்னும் அவரத்தான் கூப்பிடுறேன், ரோலர்ல அவர் அடிக்கற மாதிரி என் மிஷினுக்கு வராது. பீரோ, கதவு, பிரம்பு நாற்காலி மட்டும் நான்.

வேற டவுட் இருந்தா கீழ கேளுங்க, ஞாயித்துக்கிழமைதான் பாப்பேன். சனிக்கிழமை தங்கச்சி வீட்டுக் கதவு ரெண்டு அடிக்கணும். மிஷினோட நானே வர்றேன், மாப்ள கிட்டக்க வராம ஏணிய மட்டும் பிடிச்சாப் போதும்னு சொல்லிருக்கேன்.