வாசகர் கேள்வி பதில்: போர்க்காலத்தில் தாயும் சேயும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சும் உணவுத் தட்டுப்பாடும் இருந்தபோதிலும் இங்கிலாந்தில் சிசு மரணம் குறைந்தது என்று படித்தேன். இது உண்மைதானா?
(வாசகி ஒருவர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான், ஆனால் உடனே குறைந்துவிடவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1939இல் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1000 குழந்தைகளிலும் ஏறத்தாழ 51 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 1941இல் இது 60 ஆக ஏறி, 1945இல் 46 ஆக இறங்கியது. நடுவில் ஏறியதை மறைத்துவிட்டு, இறங்கியதை மட்டும் பெருமையாகச் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கான அடித்தளம் போருக்கு முன்பே போடப்பட்டிருந்தது. 1918ஆம் ஆண்டின் தாய்சேய் நலச் சட்டத்தால் ஊர்தோறும் குழந்தைகளை எடைபோட்டுப் பார்க்கும் நிலையங்களும், வீடு தேடி வரும் சுகாதாரப் பெண் ஊழியர்களும் பெருகியிருந்தனர். மருத்துவச்சிகளுக்கு மாதச் சம்பளம் கிடைக்க 1936ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. போர் வந்தபின், ஏழைகளுக்கென்று இருந்த உதவி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. 1940 ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான பால், இரண்டு பென்னி விலையில் கிடைத்தது. வசதியற்றவர்கள் காசு தரவேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் என்றே பச்சை அட்டை போட்ட ரேஷன் புத்தகமும் இருந்தது. 1941 டிசம்பரில் மீன் எண்ணெயும் சேர்ந்தது. அதை வாங்கப் பலர் வரவே இல்லை. அந்த எண்ணெயின் வாடையை அறிந்த எவரும் அவர்களைக் குறைசொல்ல மாட்டார்கள்.

பிரசவத்தில் தாய்மார் இறப்பது குறைந்ததற்குப் பாலை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது. பிரசவக் காய்ச்சலை அடக்கும் சல்ஃபா மருந்துகள் 1930களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டன.

குறைகளும் இருந்தன. 1939 செப்டம்பர் தொடக்கத்தில் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 12,000 கர்ப்பிணிகள் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்த மாளிகைகள் சில பிரசவ விடுதிகளாக மாற்றப்பட்டன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதை வழக்கமாகக் கொண்ட நமக்கு, முன்பின் தெரியாத ஊரில் துணையின்றி நாள் எண்ணிக்கொண்டிருப்பது எப்படியிருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

கேள்வி: கைக்குழந்தைக்கு நச்சுவாயு முகமூடியை எப்படி மாட்டினார்கள்?
(அதே வாசகி)

பதில்: அதை முகமூடி என்பதைவிடப் பை என்பதே பொருந்தும். இடுப்புவரை குழந்தையை அதனுள் வைத்து, கால்கள் வெளியே தொங்க வாரைக் கட்டிவிட்டு, பக்கத்திலிருந்த துருத்தியைத் தாய் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தவேண்டும். கை ஓய்ந்தால் காற்றும் ஓயும். இரண்டு குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது என்று தாய்மார் கவலைப்பட்டிருப்பார்கள். நல்லவேளையாக, பிரிட்டன்மீது நச்சுவாயு வீசப்படவே இல்லை.