ஒரு போர்க்கப்பல் போனால் என்ன?

வணக்கம்.

2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மோஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியபோது, உக்ரைன் போரே திசைமாறிவிட்டது போலப் பேசினார்கள். அதற்குப் பிறகும் போர் நீண்டுகொண்டே போனது. ஒரு பெரிய போர்க்கப்பல் போவதால் ராணுவரீதியாக என்ன ஆகிவிடுகிறது? எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதானே?

க., கோவை

அன்புள்ள க.,

தரைப்போரை அது மாற்றவில்லை என்பது சரி. ஆனால் 'எண்ணிக்கையில் ஒன்று' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரஷ்யாவின் கருங்கடல் படையில் எஸ்-300 வகை நெடுந்தூர வான்பாதுகாப்பு ஏவுகணைகள் இருந்த ஒரே கப்பல் மோஸ்க்வாதான். அதே ரகத்தில் ரஷ்யாவிடம் இன்னும் இரண்டு இருந்தன. அவை மத்தியதரைக் கடல்வரை வந்தும் கருங்கடலுக்குள் நுழைய முடியவில்லை. போர்க்காலத்தில் போர்க்கப்பல்களைத் தடுக்க இடம்தரும் 1936ஆம் ஆண்டின் மான்ட்ரோ உடன்படிக்கையைக் காட்டி, துருக்கி பிப்ரவரி கடைசியிலேயே கருங்கடலுக்குப் போகும் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடிவிட்டிருந்தது.

கப்பல் போன பிறகு அந்தக் கடற்படை எந்தக் கடலுக்குப் போகப் பயப்படுகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 போரில் இது தெளிவாகத் தெரியும். மே 2 அன்று பிரிட்டனின் கான்கரர் நீர்மூழ்கி, அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ போர்க்கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். 1938இல் அமெரிக்காவில் கட்டி முடித்த பழைய கப்பல் அது. ஆயுதபலமாகப் பார்த்தால் பெரிய இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு விமானந்தாங்கிக் கப்பல் உட்பட அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் எல்லாம் கரையோரத்துக்குத் திரும்பிவிட்டன. அவர்களுடைய விமானங்கள் நிலப்பரப்பிலிருந்தே கிளம்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் பறந்து வந்தால் தீவுகளின் மேல் சில நிமிடங்கள்தான் நிற்க முடியும்.

பிரிட்டன் அதே போரில் ஷெஃபீல்ட், ஆர்டென்ட், ஆன்டிலோப், காவென்ட்ரி என்று நான்கு போர்க்கப்பல்களை இழந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை, ஜெயித்தது. அவர்களை உண்மையில் முடக்கப் பார்த்தது அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலின் இழப்பு. அதோடு மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் போயின. அதனால் வீரர்களில் பலர் முதுகில் சுமையோடு சதுப்பு நிலத்தில் நாள்கணக்கில் நடந்துதான் தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியை நெருங்கினார்கள். இழப்பைக் கப்பலின் எடையை வைத்து அளக்கக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

மோஸ்க்வாவுக்கு வருகிறேன். அது மூழ்கிய பிறகு ரஷ்யக் கப்பல்கள் உக்ரைனின் துறைமுக நகரான ஒடெசாவின் கரையை விட்டு விலகின. ஜூன் 30 அன்று, தான் பிடித்து வைத்திருந்த உக்ரைனின் பாம்புத் தீவையும் ரஷ்யா கைவிட்டது. இதற்கெல்லாம் மோஸ்க்வா மட்டுமே காரணமில்லை. உக்ரைனின் டிரோன்களுக்கும் ஏவுகணைகளுக்கும் இதில் பெரிய பங்குண்டு. உக்ரைன் தானியக் கப்பல்களைப் போக விடுவதற்கான ஒப்பந்தத்திலிருந்து 2023இல் ரஷ்யா வெளியேறியும் ஒடெசாவிலிருந்து அந்தக் கப்பல்கள் கிளம்பின. அந்தத் தானியத்தை நம்பியிருந்த ஏழை நாடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்காகக் கருங்கடல் படை செயலற்றுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாதுகாப்பான தூரத்தில் நின்று உக்ரைன் நகரங்கள்மீது அது காலிபர் ஏவுகணைகளை ஏவிக்கொண்டுதான் இருந்தது.